யூரினில் ஆக்சலேட் அதிகம் என்று ரிப்போர்ட் வந்தால் என்ன செய்வது

கிட்னியில் கல் வந்து ஒரு முறை துடித்தவர்களில் நிறைய பேர் அடுத்த நாளே செய்யும் காரியம் பாலை நிறுத்துவது. நானும் அதைத்தான் செய்தேன். கல்லில் கால்சியம் இருக்கிறதாம், அப்புறம் பால் எதற்கு என்று எட்டு மாதம் பால், தயிர், சீஸ் எதையும் தொடவில்லை, போதாததற்கு உடம்புக்கு நல்லது என்று தினமும் காலையில் பச்சைப் பாலக் கீரையையும் ஒரு கைப்பிடி பாதாமையும் மிக்ஸியில் அடித்து ஒரு பெரிய டம்ளர் குடித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு எடுத்த 24 மணி நேர யூரின் டெஸ்ட்டில் ஆக்சலேட் 62 மில்லிகிராம். இருக்க வேண்டியது 40, மிஞ்சினால் 45. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வியே "பாலை நிறுத்திவிட்டீர்களா?" என்பதுதான்.

அதனால் இதை எழுதுகிறேன். இது டாக்டருக்கு மாற்று அல்ல. அவர் பத்து நிமிடத்தில் சொன்னதை வீட்டுக்கு வந்து எப்படிச் செய்வது என்பதுதான்.

முதலில் எதிரி யார் என்று பார்த்துவிடலாம். புளியாரை இலையை மென்றிருந்தால் பல் கூசும் அந்தப் புளிப்பு தெரிந்திருக்கும், அதுதான் ஆக்சாலிக் அமிலம், புளியாரையின் தாவரவியல் பெயரான ஆக்சாலிஸ் என்பதிலிருந்துதான் அதற்குப் பெயரே வந்தது. அதன் உப்பு வடிவம் ஆக்சலேட். நம் உடம்புக்கு இதனால் ஒரு பயனும் இல்லை, இதை உடைத்துப் போடவும் தெரியாது. ஒரு பகுதி சாப்பாட்டில் வருகிறது, ஒரு பகுதியைக் கல்லீரலே தன் வேலையின் கழிவாகத் தயாரிக்கிறது. ரத்தத்துக்குள் வந்துவிட்டால் பெரும்பாலும் கிட்னி வழியாகத்தான் வெளியேற வேண்டும். அங்கே சிறுநீரில் கால்சியத்தைச் சந்தித்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு படிகமாகும். மனிதர்களுக்கு வரும் கிட்னி கற்களில் சுமார் 80 சதவீதம் கால்சியம் கற்கள், அவற்றில் பெரும்பான்மை இந்தக் கால்சியம் ஆக்சலேட்தான்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஒரு நாள் சிறுநீரில் 200 மி.கி. கால்சியமும் 40 மி.கி. ஆக்சலேட்டும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எடையில் ஐந்து மடங்குதானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் ஒரு கால்சியத்துக்கு ஒரு ஆக்சலேட் என்று ஜோடி சேர்கிற விஷயம் என்பதால் எண்ணிக்கையைத்தான் பார்க்க வேண்டும், அப்படிப் பார்த்தால் ஒரு ஆக்சலேட்டுக்குப் பத்துக்கும் மேற்பட்ட கால்சியம் வரிசையில் நிற்கிறது. கால்சியத்துக்குப் பஞ்சமே இல்லை, ஜோடிதான் குறைவு. அதனால்தான் ஆக்சலேட் கொஞ்சம் ஏறினாலும் கல் உருவாகும் வாய்ப்பு சட்டென்று ஏறுகிறது.

சரி, செய்ய வேண்டியதற்கு வருவோம்.

அளக்காமல் எதையும் நிறுத்தாதீர்கள்

சாதாரண யூரின் டெஸ்ட்டில் கால்சியம் ஆக்சலேட் கிரிஸ்டல் இருப்பதாக வந்தாலே சிலர் பயந்துவிடுகிறார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் குட்டித் தபால் உறையின் பின்பக்கம் போல, குறுக்கே இரண்டு கோடு போட்ட சதுரமாகத் தெரியும். கல்லே இல்லாத ஆரோக்கியமானவரின் சிறுநீரிலும் இது தென்படலாம், அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தேவை 24 மணி நேர சேகரிப்பு, முடிந்தால் இரண்டு முறை, ஏனென்றால் ஆக்சலேட் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். கல் வலி வந்த கையோடு எடுக்காமல் சில வாரம் விட்டு, வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிய பிறகு எடுப்பதுதான் சரி.

சேகரிப்பதில்தான் பாதிப் பேர் சொதப்புகிறார்கள், நானும் உட்பட. முறை இதுதான்: காலை 7 மணிக்கு எழுந்தால் அந்த முதல் சிறுநீரை டாய்லெட்டிலேயே விட்டுவிட்டு மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு சொட்டும் கேனுக்குள் போக வேண்டும், பகலிலும் இரவிலும், மலம் கழிக்கப் போகும்போது வருவதும்கூட. மறுநாள் காலை 7 மணிக்கு வரும் முதல் சிறுநீரையும் கேனில் சேர்த்தால் முடிந்தது. ஆக்சலேட் பார்ப்பதற்கான கேனில் பல இடங்களில் முன்பே ஆசிட் ஊற்றித் தருவார்கள், எனக்குக் கொடுத்தவர் அதைச் சொல்லவே இல்லை, நானே மூடியைத் திறந்து முகர்ந்து கண்டுபிடித்தேன், நீங்கள் முகராதீர்கள். நேரடியாக அதில் சிறுநீர் கழிக்காமல் ஒரு கப்பில் பிடித்து மெதுவாக ஊற்றுங்கள். லேப்பில் சொன்னால் கேனை ஃப்ரிட்ஜில் வையுங்கள், வீட்டில் இருப்பவர்களிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

அந்த ஒரு நாள் மட்டும் நல்ல பிள்ளையாகச் சாப்பிடுவதும் வேண்டாம். என்ன வழக்கமோ அதையே சாப்பிடுங்கள், எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்களோ அவ்வளவே குடியுங்கள். பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் படித்து வாங்கும் மார்க்கால் இங்கே பயன் இல்லை. வைட்டமின் சி மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை மட்டும் டாக்டரிடம் முன்பே சொல்ல வேண்டும், அது ரிசல்ட்டை ஏற்றிக் காட்டும்.

ரிப்போர்ட் வந்ததும் ஆக்சலேட்டுக்கு முன் கிரியேட்டினின் வரியைப் பாருங்கள், அது தசைகளிலிருந்து தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேறும் கழிவு. ஆண்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 20 மி.கி., பெண்களுக்கு 15 மி.கி.யை ஒட்டி இருக்க வேண்டும், வயதானவர்களுக்கு இன்னும் குறையும். ரொம்பக் குறைவாக வந்திருந்தால் ஏதோ ஒரு தடவை கேனை மறந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம், அந்த ரிப்போர்ட்டில் ஆக்சலேட் நார்மலாக இருந்தாலும் நம்பக் கூடாது. என் முதல் கேன் இப்படித்தான் வீணாயிற்று, மதியம் வெளியே போன இடத்தில் பழக்க தோஷத்தில் போய்விட்டு வந்தேன்.

கல் வெளியே வந்தால் அதைத் தூக்கிப் போடாமல் ஆய்வுக்குக் கொடுங்கள், ஒரு வடிகட்டி வழியாகச் சிறுநீர் கழித்தால் பிடித்துவிடலாம். கால்சியம் ஆக்சலேட்டில் மோனோஹைட்ரேட், டைஹைட்ரேட் என்று இரண்டு வகை உண்டு, முதல் வகை ஆக்சலேட் அதிகமாக இருப்பவர்களிடமும் இரண்டாவது கால்சியம் அதிகமாக இருப்பவர்களிடமும் கூடுதலாகப் பார்க்கப்படுகிறது. யூரிக் அமிலக் கல்லாக இருந்துவிட்டால் இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்குத் தேவையே இல்லை.

எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள்

ஆக்சலேட் அதிகமாக மூன்று வழி உண்டு. சாப்பாட்டில் அதிகம், அல்லது சாப்பாட்டில் கால்சியம் போதாமல் இருப்பது, இது முதல் வழி. குடல் கோளாறால் வழக்கத்தைவிட அதிகமாக உறிஞ்சப்படுவது இரண்டாவது. கல்லீரலே கணக்கில்லாமல் தயாரிப்பது மூன்றாவது, பிறவிக் குறை, அரிது. எண்களை வைத்து ஓரளவு ஊகிக்கலாம்: 45-லிருந்து 60, 70 வரை என்றால் பெரும்பாலும் தட்டில்தான் கோளாறு. 80, 100 என்று தாண்டினால் சாப்பாட்டை மாற்றிப் பார்ப்போம் என்று வீட்டில் உட்காராமல் நெஃப்ராலஜிஸ்ட்டை, அதாவது கிட்னி டாக்டரைப் பாருங்கள். இன்னொன்று, கிட்னியின் வேலைத்திறன் ஏற்கெனவே குறைந்திருந்தால் ஆக்சலேட் சிறுநீருக்கு வராமல் உடம்பிலேயே தங்கும், யூரினில் நார்மலாகவே காட்டும். அவர்களுக்கு ரத்தத்தில் பார்க்க வேண்டியிருக்கும்.

கால்சியத்தைச் சாப்பாட்டோடு சேருங்கள்

இதுதான் இந்த முழு விஷயத்தின் மையம், நான் தலைகீழாகச் செய்ததும் இதைத்தான். கால்சியமும் ஆக்சலேட்டும் எங்கே சந்திக்கின்றன என்பதுதான் கேள்வி. கிட்னியில் சந்தித்தால் கல். குடலில் சந்தித்தால் இரண்டும் கரையாத உப்பாகி மலத்தோடு போய்விடும், ரத்தத்துக்குள்ளேயே வராது. பாலை நிறுத்தினால் குடலில் ஆக்சலேட்டைப் பிடித்துவைக்க ஆள் இல்லை, அது சுதந்திரமாக உள்ளே வந்து நேராகக் கிட்னிக்குப் போகும்.

இது வெறும் தியரி இல்லை. இத்தாலியில் கால்சியம் ஆக்சலேட் கல் திரும்பத் திரும்ப வந்த, சிறுநீரில் கால்சியமும் அதிகமாக இருந்த 120 ஆண்களை இரண்டாகப் பிரித்து 5 வருடம் பார்த்து, 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்குக் கால்சியத்தைக் குறைத்த சாப்பாடு, தினம் 400 மி.கி. அளவுக்கு. இன்னொரு குழுவுக்குக் கால்சியம் வழக்கம்போல 1,200 மி.கி., ஆனால் உப்பும் இறைச்சியும் குறைவு. கால்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்குக் கல் திரும்ப வந்தது, மற்ற 60 பேரில் 12 பேருக்கு மட்டுமே. உப்பும் இறைச்சியும் சேர்ந்து மாறியதால் முழுப் புகழையும் கால்சியத்துக்குக் கொடுத்துவிட முடியாது, ஆனால் கால்சியத்தைக் குறைத்தவர்களின் சிறுநீரில் ஆக்சலேட் ஏறியது என்பதைக் கவனியுங்கள்.

ஆக, ஒரு நாளைக்கு 1,000 முதல் 1,200 மி.கி. கால்சியம், சாப்பாட்டிலிருந்தே, மூன்று வேளைக்கும் பிரித்து. ஒரு டம்ளர் பாலில் சுமார் 300 மி.கி. இருக்கும், தயிரிலும் ஏறக்குறைய அப்படித்தான். நேரம்தான் முக்கியம். காலையில் பாதாம், இரவு படுக்கும்முன் பால் என்றால் இரண்டும் குடலில் சந்திக்கவே சந்திக்காது. அதே பாலை அந்தப் பாதாமோடு குடித்தால் வேலை முடிந்தது. என் மாற்றத்தைச் சொல்வதென்றால், அந்த ஸ்மூத்தி போய் ஒரு கப் தயிரில் ஆப்பிளை நறுக்கிப் போட்டுச் சாப்பிடுகிறேன், கீரை வேண்டும் என்று தோன்றும் நாளில் அதே வேளையில் தயிரும் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் கால்சியம் சேர்த்த சோயா அல்லாத தாவரப் பால்களைப் பார்க்கலாம், ஆனால் பாதாம் பால் வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை. மாத்திரைதான் வழி என்றால் டாக்டரைக் கேட்டு, சாப்பிட உட்காரும்போதே போடுங்கள், கால்சியம் சிட்ரேட் வகையைத்தான் கல் உள்ளவர்களுக்குப் பொதுவாக விரும்புகிறார்கள். சாப்பாடு இல்லாத நேரத்தில் போடும் கால்சியம் மாத்திரை ஆக்சலேட்டையும் பிடிக்காது, சிறுநீரில் கால்சியத்தையும் ஏற்றிவிடும், இரண்டு பக்கமும் நஷ்டம்.

நாலைந்து பெரிய ஆட்களை மட்டும் நிறுத்தினால் போதும்

ஆக்சலேட் உணவுப் பட்டியல் என்று தேடினால் நூறு வரிகள் வரும், அதைப் படித்தால் சாப்பிட எதுவும் மிஞ்சாது, தவிர ஒரு பட்டியலுக்கும் இன்னொன்றுக்கும் எண்கள் ஒத்துப்போகாது. அவ்வளவு வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்கு 100 மி.கி.க்குள் வைத்துக்கொண்டால் நல்லது, அதை உடைப்பது சில ஆட்கள்தான். முதலிடம் பாலக் கீரைக்கு, வேகவைத்த அரை கப்பிலேயே 700 மி.கி.யைத் தாண்டும். அதாவது ஒரே வாயில் ஒரு வாரத்துக் கணக்கு. அடுத்து ருபார்ப் என்ற புளிப்புத் தண்டுள்ள மேல்நாட்டுக் காய்கறி, பிறகு பாதாம், அதில் ஒரு கைப்பிடியில் 120 மி.கி. பக்கம். முந்திரி, பீட்ரூட், கோகோ அதிகமுள்ள டார்க் சாக்லெட், நட்சத்திரப் பழம் ஆகியவையும் இந்தக் கூட்டம். தேநீரில் ஓரளவு இருக்கிறது, பால் சேர்த்து நாலு கப்புக்குள் குடிப்பவர் பயப்பட வேண்டியதில்லை.

கீரை இல்லாமல் இருக்க முடியாது என்பவர்கள் நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கரையும் வகை ஆக்சலேட்டில் கணிசமான பங்கு அதோடு போய்விடும், ஆவியில் வேகவைத்தால் அவ்வளவு போகாது. பச்சையாக அரைத்துக் குடிப்பதுதான் இருப்பதிலேயே மோசம், ஏனென்றால் எதுவும் வெளியேறாது, ஒரு டம்ளரில் தட்டில் சாப்பிட முடியாத அளவும் அடங்கிவிடும். இப்படிக் கீரை ஜூஸ் குடித்தே கிட்னி செயலிழந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், வெள்ளரி, பட்டாணி, பெரும்பாலான பழங்கள் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம்.

டப்பாவில் வருவதையும் எண்ணுங்கள்

டாக்டர் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் நாம் சாப்பாட்டை மட்டும்தான் சொல்வோம். வைட்டமின் சி உடம்பில் உடைந்து ஒரு பகுதி ஆக்சலேட்டாகிறது. பழத்தில் வருவதால் பிரச்சினை இல்லை, சளி பிடிக்கக் கூடாது என்று தினமும் போடும் 1,000 மி.கி. மாத்திரைதான் பிரச்சினை, ஸ்வீடனில் ஆண்களிடம் செய்த ஆய்வில் அப்படிப் போட்டவர்களுக்குக் கல் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. மஞ்சள் கேப்ஸ்யூலும் சிறுநீரில் ஆக்சலேட்டை ஏற்றுகிறது, சமையலில் போடும் சிட்டிகை மஞ்சளை இதில் சேர்க்காதீர்கள். தோலுக்கும் மூட்டுக்கும் என்று விற்கும் கொலாஜன் பவுடரில் ஹைட்ராக்சிப்ரோலின் என்ற அமினோ அமிலம் அதிகம், கல்லீரலில் அதுவும் ஒரு பங்கு ஆக்சலேட்டாக முடிகிறது. இவை மூன்றும் வீட்டில் இருந்தால் டப்பாக்களை ஒரு பையில் போட்டு டாக்டரிடம் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

தண்ணீர், உப்பு, சிட்ரேட்

தண்ணீர் ஆக்சலேட்டின் அளவைக் குறைக்காது, செறிவைக் குறைக்கும், கல்லுக்குச் செறிவுதான் கணக்கு. இலக்கு எத்தனை லிட்டர் குடிக்கிறோம் என்பதில் இல்லை, எத்தனை லிட்டர் வெளியேறுகிறது என்பதில்: 2.5 லிட்டர். வியர்க்கும் நாளில் மூன்று லிட்டர் குடித்தும் ஒன்றரை லிட்டர்தான் வரும். ஒரு விடுமுறை நாளில் அளவுக் கோப்பையை வைத்து நீங்களே அளந்து பாருங்கள், பெரும்பாலும் ஏமாற்றம்தான். முதல் முறை கல் வந்த 199 பேரை 5 வருடம் பார்த்த இன்னொரு இத்தாலிய ஆய்வில், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்ன 99 பேரில் 12 பேருக்கும், சொல்லாமல் விட்ட 100 பேரில் 27 பேருக்கும் கல் திரும்பியது. இரவில்தான் சிறுநீர் கெட்டியாகும், அதனால் படுக்கும்முன் ஒரு டம்ளர், நடுவில் எழுந்தால் இன்னொன்று. இதயக் கோளாறு, கிட்னி செயலிழப்பு உள்ளவர்கள் மட்டும் டாக்டர் சொல்லும் அளவைத் தாண்டக் கூடாது.

உப்பைக் குறைக்க வேண்டும், ஏனென்றால் சோடியம் வெளியேறும்போது கால்சியத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது. இறைச்சியை அளவோடு வையுங்கள், அது சிறுநீரில் சிட்ரேட்டைக் குறைத்துவிடும், சிட்ரேட்தான் கால்சியத்தைத் தன்னோடு கட்டிக்கொண்டு ஆக்சலேட்டிடம் போகவிடாமல் தடுப்பது. எலுமிச்சைச் சாறு கொஞ்சம் உதவும், சிட்ரேட் ரொம்பக் குறைவு என்றால் பொட்டாசியம் சிட்ரேட் எழுதித் தருவார்கள், அதை நீங்களாக வாங்கிக் குடிக்காதீர்கள், கிட்னி பலவீனமாக இருந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுவது உயிருக்கே ஆபத்து.

குடல் அல்லது கல்லீரல் என்றால்

எடை குறைக்கப் பைபாஸ் ஆபரேஷன் செய்தவர்கள், க்ரோன் நோய் என்ற நாள்பட்ட குடல் அழற்சி, கணைய அழற்சி உள்ளவர்கள், கொழுப்பை உறிஞ்சவிடாத ஆர்லிஸ்டாட் மாத்திரை எடுப்பவர்கள் இவர்களுக்கெல்லாம் கதை வேறு. உறிஞ்சப்படாத கொழுப்பு குடலில் கால்சியத்தைப் பிடித்துச் சோப்பு போல ஆக்கிவிடும், ஆக்சலேட் ஆளில்லாமல் பெருங்குடல் வழியாக உள்ளே வரும். இவர்கள் கொழுப்பையும் குறைக்க வேண்டும், கால்சியத்தையும் வேளைக்கு வேளை கூடுதலாக எடுக்க வேண்டியிருக்கும், டாக்டர் மேற்பார்வையில்.

குழந்தைக்குக் கல் வந்தாலோ, கல் வருவது நிற்கவே இல்லை என்றாலோ, கூடப் பிறந்தவர்களுக்கும் இருந்தாலோ பிறவிக் குறையைச் சந்தேகித்து மரபணுப் பரிசோதனை கேளுங்கள். இதில் மூன்று வகை உண்டு, முதல் வகைதான் அதிகம், கடுமையும்கூட. அந்த வகையில் சிலருக்கு வைட்டமின் பி6 வேலை செய்யும், ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லோரும் பி6 விழுங்க வேண்டாம், அதிக அளவில் நரம்பைக் கெடுக்கும். 2020-இல் லுமாசிரான் என்ற ஊசி மருந்துக்கு அங்கீகாரம் கிடைத்தது, கல்லீரல் ஆக்சலேட் தயாரிக்கும் பாதையையே அது அடக்குகிறது. அதற்கு முன் கடுமையானவர்களுக்குக் கல்லீரல், கிட்னி இரண்டையும் மாற்றுவதுதான் பெரிய வழியாக இருந்தது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. கல் வலியோடு காய்ச்சலும் குளிரும் வந்தால், சிறுநீர் அடியோடு நின்றால், இருப்பதே ஒரு கிட்னி என்றால், கர்ப்பமாக இருந்தால், வாந்தி நிற்காமல் போனால் உடனே எமர்ஜென்சி. அடைப்புக்குப் பின்னால் கிருமி சேர்ந்தால் மணிக்கணக்கில் நிலைமை மாறும், எலுமிச்சைச் சாறு குடித்துப் பார்க்கும் நேரம் அது இல்லை.

மாற்றங்களைத் தொடங்கிய ஒன்றரை, இரண்டு மாதத்தில் மறுபடி கேன் வாங்குங்கள், அப்புறம் வருடத்துக்கு ஒரு முறை. எனக்கு இரண்டாம் ரிப்போர்ட்டில் ஆக்சலேட் 37, சிறுநீர் அளவு 2.3 லிட்டர், கிரியேட்டினினும் சரியாக இருந்தது, அதாவது இந்த முறை கேனை மறக்கவில்லை. சோடியம் மட்டும் எல்லையைத் தாண்டி நின்றது. சிப்ஸ் பாக்கெட்டைப் பற்றி டாக்டரிடம் நானாகச் சொல்லவில்லை, அவர் எண்ணைப் பார்த்தே கேட்டுவிட்டார்.